சித்தப்பாவோட பட்டன் போனுக்குள்ள ஒளிஞ்சிருந்த ஃபயர்ஃபாக்ஸ்!

(பாம்பன் கரை. பின்னால தூக்குப் பாலம். கையில ஒரு பழைய பட்டன் போன்.)

வணக்கம் மக்களே! இது எங்க சித்தப்பாவோட ஜியோபோன். 2017-ல வந்தது, 1500 ரூபா டெபாசிட். ஏலக்கூடத்துல நண்டு என்ன வெலைக்குப் போகுதுன்னு இதுலதான் கத்துவாரு. செதில் ஒட்டி ஒட்டி அஞ்சாம் நம்பர் பட்டன் இப்ப அமுங்கவே மாட்டேங்குது. இதுக்குள்ள இருக்கறது செத்துப்போச்சுன்னு எல்லாரும் கைகழுவுன ஒரு ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம்!

ஓப்பன் சோர்ஸ்னா? சிஸ்டத்தை எழுதுன நிரலை, அதான் கோடை, தொறந்து வச்சிருவாங்க. யாரும் படிக்கலாம், மாத்தலாம், வேற பேருல வெளியிடலாம். முடிஞ்சது பாடம். ஆண்ட்ராய்டை 2007-லயே அந்தக் கணக்குலதான் அறிவிச்சாங்க. பழைய நோக்கியா போன்ல ஓடுன சிம்பியன் சிஸ்டத்தை 2010-ல தொறந்தாங்க, அதுக்குள்ள சந்தையே கலைஞ்சு போச்சு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யற மொசில்லா, வெப் பக்கம் எழுதற அதே நிரல்ல ஆப் எழுதலாம்னு ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்னு போனை ஓட்டற ஒரு சிஸ்டம் செஞ்சாங்க. 2014-ல நம்ம நாட்டுல அதை வச்சு 1999 ரூபாய்க்கு ஒரு போன் வந்துச்சு, இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ். ரேம் எவ்வளவு தெரியுமா? 128 எம்பி! இன்னைக்கு ஒரு கல்யாண வீடியோ அதவிடப் பெருசு. 2015 டிசம்பர்ல மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் வேலையை நிறுத்தப்போறோம்னு அறிவிச்சுட்டாங்க.

ஆனா நம்ம ஊர்ல வல்லம், அதான் மீன்பிடிப் படகு, கைமாறுனா என்ன செய்வாங்க? அடியில இருக்கற ஏராக்கட்டை நல்லா இருந்தா யாராச்சும் ஒடைப்பாங்களா? முன்பக்கம் அணியத்துல பழைய பேரைச் சுரண்டிட்டு, புதுப் பேரு எழுதி, பெயின்ட் அடிச்சுக் கடலுக்கு எறக்கிருவாங்க. அதேதான் இங்கயும். நிரல் தொறந்து கெடந்துச்சு, கைஓஎஸ்ங்கற (KaiOS) கம்பெனிக்காரங்க எடுத்தாங்க, தொடுதிரைக்குப் பதிலா பட்டனுக்கு ஏத்த மாதிரி மாத்துனாங்க, ஜியோபோன்ல ஏத்துனாங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ல மூணு அடுக்கு: காங்க், கெக்கோ, காயா. சிரிக்காதீங்க, நெசமான பேருதான்! அடியில காங்க். அதுல இருக்கறது ஆண்ட்ராய்டுக்கும் அடியில இருக்கற அதே லினக்ஸ் கெர்னல், போனோட பாகங்களை இயக்கற அடிப்படை நிரல், அதான் ஏராக்கட்டை. நடுவுல கெக்கோ, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை ஓட்டற அதே எஞ்சின். மேல கண்ணுக்குத் தெரியறது காயா, பெயின்ட்டுன்னு வச்சுக்குங்க.

உடனே 'அப்ப என் போனை நானே மாத்திக்கலாமா'ன்னு கமெண்ட் போடாதீங்க. ஜியோபோனைப் பூட்டித்தான் வித்தாங்க. ஆண்ட்ராய்டுலயும் அடிப்படை நிரல்தான் தொறந்தது. பிளே ஸ்டோர், மேப்ஸ் எல்லாம் கூகுளோட சொந்தச் சரக்கு. சிப்பை இயக்கற நிரல், டிரைவர்னு சொல்வாங்க, அதுல பலது சீல் வச்ச பெட்டிதான். லினியேஜ் ஓஎஸ் பசங்க பழைய போனுக்கெல்லாம் புது ஆண்ட்ராய்டு ஏத்தறாங்களே, அவங்க முட்டி நிக்கறதும் அங்கதான். காசு குடுத்து வாங்குன போனுக்கு எதுக்குய்யா சீலு? எனக்கு இதுல கோவம் உண்டு, மறைக்கல.

உங்க வீட்டுப் பரண்ல ஜியோபோன் கெடந்தா சார்ஜ் போட்டு, செட்டிங்ஸ்ல கைஓஎஸ்னு பேரு இருக்கான்னு பாத்துக் கமெண்ட்ல சொல்லுங்க. சித்தப்பா போனைத் திருப்பிக் கேக்கறாரு, வீடியோவை இங்க முடிச்சுக்கறேன்.