இடைவேளை உள்ள அருங்காட்சியகம்

வணக்கம். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டோ, அடுப்படியில் நின்றுகொண்டோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வேலையை நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வெளியே, பனை ஓலை வேய்ந்த டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. தரை டிக்கெட் எடுத்துவிட்டு மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்காருவோம், பின்னால் இருப்பவர் "டேய், தலை மறைக்குது" என்று சத்தம் போட்டால் மேட்டைக் கொஞ்சம் கலைத்துவிடுவோம். புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள், ஒரே படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்குத் தட்டு வரும், சோடா வரும், கூடவே பேச்சும் வரும். அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் போயிருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சண்டை பிடிப்பார்கள். எனக்குப் பாதிக் கதை புரிந்ததே அந்த இடைவேளைகளில்தான்.

இப்போது நான் கட்டட வரைபடம் போடுகிறேன். கொஞ்ச நாளுக்கு முன்னால், கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்த பாசி ஒன்று, கீழே வாயில் நுழையாத ஒரு பெயர். அக்கா பார்த்ததும், "இது மரிக்கொழுந்துப் பாசிதானே, ஏன் இப்படிக் கெடக்கு" என்று கண்ணாடியில் விரலை வைத்தார். "தொடாதீங்கம்மா" என்று காவலர் சொல்லிவிட்டார். பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, அதே பாசியை எத்தனையோ வருடமாகப் பறித்த விரல் அது. நகத்தோரமெல்லாம் வெட்டுத் தழும்பு. அவர் ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. ஐந்து மணிக்குக் கதவை மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து, டூரிங் கொட்டகை மாதிரி ஊர் ஊராகப் போகும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். யாரும் கட்டச் சொல்லவில்லை, காசும் கிடையாது. கட்ட முடியுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து பார்க்கிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. 1960-களில் லண்டனில் ஜோன் லிட்டில்வுட் என்ற நாடக இயக்குநரும் செட்ரிக் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரும் 'ஃபன் பேலஸ்' என்று ஒன்றை வருடக்கணக்காக வரைந்தார்கள். சுவர், மேடை, கூரை எல்லாவற்றையும் கிரேன் வைத்து இடம் மாற்றலாம், உழைக்கிற ஜனங்கள் நினைத்த நேரம் வந்து ஆடலாம், படிக்கலாம், சும்மா வேடிக்கையும் பார்க்கலாம். அது கட்டப்படவே இல்லை. ஆனால் 1977-இல் பாரிஸில் திறந்த பொம்பிடு மையத்தில் அந்த யோசனையின் சாயல் தெரியும். அவ்வளவு தூரம் போவானேன், 1905-லேயே ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் புரொஜெக்டரும் கூடாரமுமாக ஊர் ஊராகப் போனவர் நம் சாமிக்கண்ணு வின்சென்ட். சனங்கள் இருக்கிற இடத்துக்குத் தான்தான் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, என் படத்துக்கு வருகிறேன். ஓர் ஓலைக் கொட்டகை, பிரித்து லாரியில் ஏற்றலாம். மண்டபத்தில் பத்து நாள், தேவிபட்டினத்தில் பத்து நாள், அப்புறம் கீழக்கரை, மூக்கையூர். ராத்திரி ஏழு மணிக்கு ஆட்டம். விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாளில் கட்டாயம் உண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் முழுக்கத் தினமும் உண்டு. பகலில் ஆட்டோவில் மைக் கட்டி இன்றைக்கு என்ன ரீல் என்று சொல்லிப் போவார்கள்.

முதல் ரீல், அழகன்குளம். வைகை கடலில் சேர்கிற இடத்தில் 1986-லிருந்து தோண்டி எடுத்தவற்றில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன, கப்பல் கீறிய பானை ஓடு ஒன்றும் இருக்கிறது. உப்புக்காற்றுக்கு அசல் பொருளைக் கொண்டுவர முடியாது, அது பத்திரமாக உள்ளே இருக்கட்டும், நகல் போதும். இருட்டில் அந்த ஓட்டின் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். பிறகு இடைவேளை. இந்தக் கயிறு எதற்கு, கச்சான் காற்றில் இந்தப் பாய் எப்படி நிற்கும், வாடைக் காற்றில் என்ன ஆகும் என்று படகு ஓட்டுகிறவர்கள் பேசட்டும், ஓரமாக ஒருவர் உட்கார்ந்து அதை எழுதிக்கொள்ளட்டும். அருங்காட்சியகத்துக்கு அந்தப் பேச்சு வேண்டும்.

இரண்டாவது, இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்கள். ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையில் 18-ஆம் நூற்றாண்டில் வரைந்தவை, கட்டம் கட்டமாகக் கதை சொல்கிறவை. துணியில் நகலெடுத்துக் கட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டமாக டார்ச் அடித்துக்கொண்டே கதை சொல்லலாம். தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை வரும்போது பையன்கள் எழுந்து நிற்பார்கள், பாருங்கள்.

மூன்றாவது ரீலுக்குப் படமே வேண்டாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல் அழித்த தனுஷ்கோடி. விளக்கை அணைத்துவிட்டு மைக்கைத் தரை டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். பேச நினைக்கிறவர்கள் பேசட்டும். யாரும் பேசாவிட்டால் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்போம்.

கொட்டகைக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. தரை, பெஞ்சு, சேர் என்று பிரிக்கக் கூடாது, எல்லாருக்கும் தரைதான். வசூல் இல்லையென்று வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்குகிற வழக்கமும் கூடாது, நாலு பேர் வந்தாலும் அந்த ரீல் ஓட வேண்டும். கூட்டம் வராததையும் பத்திரமாக வைத்திருக்கத்தானே அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது?

போன வாரம் வரைபடத்தை அந்த அக்காவிடம் கொண்டுபோய் விரித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பாசி எங்க?" என்றார். நான் அதை வைக்கவே மறந்திருந்தேன். "தொட்டியில உயிரோட வைக்கணும், கடல் தண்ணிய தினம் மாத்தணும், பிள்ளைக கைய விட்டுப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் விரலை வைத்தார். அங்கே நான் டிக்கெட் கவுண்டர் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டுத் தொட்டியை வரைந்தேன்.