ஒரு பீப்பாய், ஒரு கல், டோரு ஆறு

வணக்கம். படம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் கல். கல்லை அப்புறம் காட்டுகிறேன். நான் நிற்கும் இடம் போர்ச்சுகலில் கசால் டி லோய்வோஸ் என்ற சிற்றூர். கீழே வளைந்து போகிறதே, அதுதான் டோரு ஆறு. கரையோரம் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் தெரிவது பின்யாவ். அங்கிருந்து நடந்தே ஏறி வந்தேன். டாக்சி பிடித்திருக்கலாம், காலையில் அந்தப் புத்தி வரவில்லை.

அக்டோபர் 3 ஜெர்மனியில் விடுமுறை, அதுவும் வெள்ளிக்கிழமை. திங்களுக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மியூனிக்கிலிருந்து போர்ட்டோவுக்கு விமானம் ஏறிவிட்டேன்.

முதல் நாள் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி காயா. போர்ட் ஒயின் என்ற இனிப்பு மது பிறப்பது இந்த மலையில், வளர்வது அங்கே, குளிர்ந்த கிடங்குகளில். வழிகாட்டிய பெண் ஒரு மரப் பீப்பாயைத் தட்டி, "பீப்பா" என்றார். நான் "பீப்பாய்" என்றேன். உச்சரிப்புத் தவறு என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தி நிதானமாக மறுபடியும் "பீப்பா" என்று சொல்லிக்கொடுத்தார். சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்தவை என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தச் சொல்லை அதன் சொந்த வீட்டில், சொந்தக்காரர் வாயிலிருந்து கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு விளக்கிச் சொன்னேன், அவரும் சிரித்தார். இங்கே பீப்பா என்பது ஓர் அளவும்கூட: 550 லிட்டர்.

அந்தக் காலத்தில் இந்தப் பீப்பாய்களை ரபேலோ என்னும் தட்டையடிப் படகுகளில் ஏற்றி, பாறையும் சுழலுமாக ஓடிய ஆற்றில் கீழே கொண்டுபோனார்கள். பிறகு அணைகள் வந்து ஆற்றை அடக்கிவிட்டன. இப்போது ஒயின் லாரியில் போகிறது. படகுகள் காயா கரையில் புகைப்படத்துக்கு நிற்கின்றன.

சனிக்கிழமை காலை ரயில். போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்கு இரண்டரை மணி நேரம். பாதி வழிக்கு மேல் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஆறு வலது பக்கம். நான் உட்கார்ந்தது இடது பக்கம். வெட்டிய பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் பின்யாவ் நிலையத்தின் நீல ஓடுகள் கொஞ்சம் ஆறுதல் தந்தன: திராட்சை பறிப்பவர்கள், கூடை சுமப்பவர்கள், படகுக்காரர்கள் என்று சுவர் முழுக்க ஓவியங்கள்.

சாயங்காலம் நான் தங்கிய தோட்டத்தில் அறுவடையின் கடைசித் திராட்சை வந்து சேர்ந்தது. லகார் என்பது கருங்கல் தொட்டி. அரைக்கால்சட்டை கொடுத்து, காலைக் கழுவச் சொல்லி, உள்ளே இறக்கிவிட்டார்கள். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு வழுவழுப்பு, அடியில் காம்புகள் உள்ளங்காலில் குத்தின. தோள்மேல் கைபோட்டு வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, இடது வலது என்று மிதிக்க வேண்டும். ஏதோ நடனம் என்று நினைத்துப் போனவனுக்கு அரை மணி நேரத்தில் தொடை கடுக்க ஆரம்பித்தது. இயந்திரம் இருக்கும்போது கால் எதற்கு என்று கேட்டேன். கால் பழத்தைத்தான் நசுக்கும், விதையை நசுக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும் என்றார் பக்கத்தில் மிதித்த பெரியவர்.

சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, இனிப்பில் பாதி மிச்சம் இருக்கையில், 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். புளிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துவிடுகிறது, இனிப்பு தங்கிவிடுகிறது. பழைய கணக்கு ஏறத்தாழ 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். கூட்டிப் பாருங்கள், ஒரு பீப்பா!

இப்போது கல். இதோ, நகத்தால் கீறினாலே ஏடு ஏடாகப் பிரிகிறது பாருங்கள். இதற்குப் பெயர் ஷிஸ்ட். இந்த மலையில் மண் என்று தனியாக ஒன்றும் பெரிதாகக் கிடையாது. இந்தக் கல்லை உடைத்துத்தான் மண் ஆக்கியிருக்கிறார்கள். செடியின் வேர் ஏடுகளுக்கு நடுவே நுழைந்து ஆழத்தில் ஈரம் தேடுகிறது. உடைத்ததில் மிஞ்சிய கல்லை, சாந்து எதுவும் வைக்காமல் அடுக்கிச் சுவராக்கி, மலையையே படிக்கட்டாக மாற்றிவிட்டார்கள். ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. அந்த வெயிலில் எத்தனை பேர் முதுகு ஒடிந்திருக்கும்! 1756இல் அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து, பின்னர் கருங்கல் தூண்கள் நடவைத்தார் என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர் அடுக்கியவர் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எதிர் மலையில் புதர் மண்டிய படிகள் தெரிகின்றனவா? அவை மோர்டோரியோ, இறந்துபோன தோட்டங்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற பூச்சி வேரை உறிஞ்சிக் கொன்றபோது கைவிட்டவை. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வழி கண்ட பிறகும், அந்தப் படிகளில் பலவற்றுக்கு யாரும் திரும்பவில்லை. சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது.

சரி, வெயில் ஏறுகிறது, இறங்க வேண்டும். கல்லை இங்கேயே வைத்துவிடுகிறேன். மாலை ரயிலில் ஆறு இடது பக்கம் வரும். இந்த முறை சரியாக உட்கார்ந்து படம் எடுத்துப் போடுகிறேன், ஜன்னல் கண்ணாடி துடைத்திருந்தால்.