சனிக்கிழமை சாயங்காலம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். கிறிஸ்தவ அழைப்புக்கு ஏற்ற அன்றாட வாழ்க்கை என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் போதகர் அல்ல, சென்னை வியாசர்பாடியில் லேத் பட்டறை, அதாவது இரும்பு கடையும் பட்டறை நடத்துகிறவன். பட்டறையிலும் சந்தையிலும் பார்த்ததை வைத்துத்தான் பேச வருகிறேன்.

"நீங்கள் அழைக்கப்பட்ட அழைப்புக்குப் பாத்திரவான்களாய் நடந்து" என்று எபேசியருக்கு எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். அவர் கூடாரம் செய்து பிழைத்தவர். பேதுரு வலை வீசியவர். ஆனாலும், அழைப்பு என்றாலே வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. லேத்தில் நிற்கிறவருக்கும் அழைப்பு உண்டு, மீன் கூடை தூக்குகிறவருக்கும் உண்டு. அந்த அழைப்புக்கு நாம் உண்மையாக இருக்கிறோமா என்று எங்கே தெரியும்? என்னைக் கேட்டால், சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வாரக் கூலிதான். சனிக்கிழமை மெஷினை நிறுத்தி, இரும்புச் சுருளைக் கூட்டி மூட்டை கட்டி, எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு எல்லாரும் சட்டை மாற்றுவார்கள். அப்புறம் யாரும் வாய் திறந்து கூலி கேட்க மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். ஒருவர் ஏற்கெனவே துடைத்து வைத்த வெர்னியர் அளவுகோலை எடுத்து இன்னொரு தடவை துடைப்பார். அந்த நேரத்தில், "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்பா" என்று ஒரு முதலாளி சொன்னால், அங்கே நிற்கிறவருடைய வீட்டில் என்ன ஆகும்? சீட்டுப் பணம் நிற்கும், அம்மாவின் சர்க்கரை மாத்திரை நிற்கும். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறி கிடையாது.

முதலாளிக்கும் நெருக்கடி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எங்களைப் போன்ற சிறுதொழில்களுக்கு, வேலை கொடுத்த கம்பெனிகள் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் பில் தொகை வந்துசேர மாதக்கணக்கில் ஆவது உண்டு. மேலே இருக்கிறவர் நமக்குச் செய்கிற தாமதத்தை, நமக்குக் கீழே இருக்கிறவர் தலையில் இறக்குவதா? நகையை அடகு வைத்தாவது கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வேதம் இதில் இடமே வைக்கவில்லை. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம். உபாகமம் இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது: பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. பொழுது போகுமுன்னே! இப்போது போனிலேயே பணம் அனுப்பிவிடலாம், சில்லறை இல்லை என்ற சாக்கும் கிடையாது.

மறுநாள் காலை அதே முதலாளி வெள்ளைச் சட்டையில் ஆராதனைக்கு வந்து, கவரில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவருக்குள் இருப்பது யாருடைய பணம்? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னாரே, அதைச் சண்டை போட்டவர்களுக்கு மட்டும் சொன்னதாகவே நாம் வாசிக்கிறோம். கூலி பாக்கி வைத்தவரும் அந்த வசனத்துக்குள் வருகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டறை இல்லாதவர்கள், இது நமக்கு இல்லை என்று ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போகிறதா? இஸ்திரி போடுகிறவருக்கு எத்தனை வாரக் கணக்கு நிற்கிறது? அதுவும் பொழுது போகுமுன்னேதான்.

அடுத்தது தராசு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் எடுத்து வந்து எங்கள் பக்கம் மீன் விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். மீனைக் கையில் எடுத்தால் முதலில் ஐஸைத் தட்டி உதறுவார். அப்புறம் ஓட்டைக் கூடையில் போட்டுத் தண்ணீரை வடிய விடுவார். மின்தராசின் தட்டைச் சாய்த்து, சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கொட்டி, துணியால் துடைத்து, முழுப் பூஜ்யம் வந்ததை நமக்குக் காட்டிவிட்டுத்தான் மீனை வைப்பார். ஐஸும் தண்ணீருமாக நிறுத்தால் எத்தனை கிராம் ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். அந்த வசனத்துக்கு அவருடைய கையைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

இதில் வாங்குகிறவருக்கும் பங்கு இருக்கிறது. பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்திருக்கும் இந்த அக்காவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது அழைப்புக்கு ஏற்ற நடையா? சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே மளிகைக் கடன் நோட்டை நம்பித்தான். அந்த நாட்களில் முகம் சுளிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்கிற கடைக்காரர், தன் கல்லாவிலேயே ஊழியம் செய்கிறார். தடை முடிந்து படகு போனதும் அந்தக் கணக்கை முதலில் தீர்க்கிறவரும் அப்படித்தான். கூலிக்குச் சொன்னதுதான் கடனுக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வரிசையைப் பற்றிப் பேச நினைத்தேன், இன்று முடியாது. அழைப்பை வேலையிலேயே காட்டியதற்கு உதாரணமாக, ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, அதை வளர்த்து எடுத்ததில் உருவானது அது. அங்கே பிறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.