ஏழு வயதில் சேர்ந்து தடுமாறலாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பல மொழிப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பள்ளிகளுக்குச் சிங்கப்பூர் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக எடுத்துக்கொண்டது சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதைச் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது. கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் ஆரம்பித்த பள்ளி அது, லேசாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை. ஆனால் அக்கா, மூடுவதற்கு முன்பே அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டு வந்தார்களே, அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது யார்? நம் தாத்தாக்களும் அப்பாக்களும்தான். துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்கள். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியதும், ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை தேடிப் போனவர்களுக்கு, நீட்டிய படிவம் எந்த மொழியில் இருந்தது என்று நன்றாகவே தெரியும். அவர்களைத் தமிழ்ப்பற்று இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

என் அத்தை தொடக்கப்பள்ளி ஆறு வருடமும் தமிழில் படித்தவர், அறிவியலில் கெட்டிக்காரர். உயர்நிலைக்கு ஆங்கிலப் பள்ளிக்குப் போனார். முதல் தேர்வில் மனித உடலின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். அழகாக வரைந்து, நுரையீரல், உதரவிதானம், மூச்சுக்குழாய் என்று ஒன்று விடாமல் எழுதிவிட்டார், தமிழில். திருத்திய சீன ஆசிரியர் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவர் மேல் என்ன தப்பு, அவருக்குப் படிக்கத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு வருடம் அத்தை வகுப்பில் கையே தூக்கவில்லை.

தாய்மொழியில் படித்தால்தான் பிள்ளைக்குப் புரியும் என்கிறது எதிரணி. அத்தைக்குப் புரிந்துதான் இருந்தது! புரிந்ததை அடுத்த வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போக வழியில்லை, அதுதான் சிக்கல். ஏழு வயதில் ஆங்கிலம் தொடங்கினால் வகுப்பே சேர்ந்து தடுமாறும், பதின்மூன்று வயதில் தொடங்கினால் ஒரு பிள்ளை தனியாகத் தடுமாற வேண்டும்.

சரி, தாய்மொழி என்கிறோமே, யாருடைய தாய்மொழி? 1979இல், அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ கல்வியைப் பற்றிக் கொடுத்த அறிக்கை என்ன சொன்னது? நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலமும் மாண்டரினும் வீட்டில் பேசாத மொழிகள் என்றது. வீட்டில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசுகிற பிள்ளைக்கு மாண்டரினும் பள்ளியில் போய்ப் படிக்கிற மொழிதான். நம் பக்கத்திலேயே பாருங்கள், மலையாளிப் பிள்ளையையும் பஞ்சாபிப் பிள்ளையையும் எந்த மொழிப் பள்ளியில் உட்காரவைப்பீர்கள்? பெரும்பான்மை மொழியை வைத்திருந்தால் சிறுபான்மையான நாம் காலத்துக்கும் ஒரு படி கீழேதான் நின்றிருப்போம். ஆங்கிலம் அன்றைக்குச் சீனப் பிள்ளைக்கும் கஷ்டம், மலாய்ப் பிள்ளைக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அந்தச் சமநிலை நமக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்தது. இதை எதிரணி கட்டாயம் எடுத்துப் பேசும். எனக்கும் அது வலிக்கிற கணக்குதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது என்று கல்வி அமைச்சு யாருக்கும் உத்தரவு போடவில்லை. தொடக்கநிலை இறுதித் தேர்வின் நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி. அரசாங்கம் தமிழுக்கு நாற்காலி போட்டுத்தான் வைத்திருக்கிறது, வீட்டில் நாம்தான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம்.

என் மகன் வகுப்பில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் நான்கே பேர். தாய்மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் சீனப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, மலாய்ப் பிள்ளைகள் இன்னொன்றுக்கு, இந்த நான்கு பேரும் தமிழ் ஆசிரியரிடம். ஒரு மணி நேரம் கழித்து எல்லாரும் திரும்பி வந்து அதே மேசையில் அறிவியல் சோதனை செய்கிறார்கள். தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்றால் இந்த நான்கு பேரை எங்கே கொண்டுபோவீர்கள், அப்புறம் மிச்சப் பிள்ளைகள் எந்த வயதில் ஒரு தமிழ்ப் பிள்ளையோடு பேசிப் பழகுவார்கள்? அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.