ஆறாம் பக்கத்து வடை

நடுவர் ஐயாவுக்கும், இந்தப் பனியிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தந்ததே 7 நிமிஷம், அதில் ஒன்று மைக்கைத் தட்டிப் பார்ப்பதில் போய்விட்டது, அதனால் வணக்கம் இதோடு சரி.

கொலை வழக்கில் மக்கள் மனதில் தீர்ப்பை எழுதுவது ஊடகமா, மக்களேதானா? நான் ஊடகம் என்று பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் போன வாரம் வரை என் பேர் எதிரணியில்தான் இருந்தது, அங்கே ஆள் கூடிப்போய் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பரவாயில்லை, எந்த மலையில் விட்டாலும் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஆள்கள்தானே நாம்.

எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணிக் கடைக்கு ஹட்டன் பஸ்ஸில் ஒரே ஒரு பேப்பர் வரும். அதைச் சத்தமாக வாசிக்கிற உரிமை ஒரு மாமாவுக்குத்தான். மாமாவுக்குக் கட்டுப்பல். எந்தச் சொல்லையும் வாசித்துவிடுவார், 'சந்தேகநபர்' மட்டும் வராது. 'சந்' என்று வாயைத் திறந்தால் மேல்பல் கீழே இறங்கிவிடும். அதனால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, அந்தச் சொல் வருகிற இடத்தில் 'சந்தேக'த்தை விழுங்கிவிட்டு 'நபர்' என்று மட்டும் வாசிப்பார். ஒருநாள் பேப்பரில் 'கொலைச் சந்தேகநபர் கைது'. மாமா வாசித்தது 'கொலை... நபர் கைது'. கடையில் நபராக இருந்தவன் மலை ஏறும்போது கொலைகாரன் ஆகிவிட்டான், கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு இரண்டு கொலை செய்தவன் ஆகிவிட்டான், ராத்திரி நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அவன் சின்ன வயதிலேயே கோழி திருடினவன் என்று தொங்கல் காம்பராவில், அந்தக் கடைசி அறையில், இருக்கிற பாட்டி சத்தியம் செய்தார். பாட்டி அவனைப் பார்த்ததே இல்லை!

எதிரணியில் பேசின சேர் அங்கே சிரிக்கிறார், அது பல்லின் குற்றம்தானே, பேப்பரின் குற்றமா என்று. பொறுங்கள் சேர், இன்னும் வடைக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே கடையில் ஒரு உளுந்து வடை வாங்கினேன். வடை தீர்ந்து கையைத் துடைக்கப் போனால், சுற்றித் தந்த பேப்பரில் எண்ணெய்க்கு அடியில் நாலே நாலு வரி: அந்தக் கொலையில் கைதானவருக்கு எதிராகச் சாட்சி இல்லை, விடுதலை. ஆறாம் பக்கம், அதுவும் ஒரு மூலையில். டீ வாங்கப் போன அக்காமாருக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். பிடித்தபோது முதல் பக்கம், விட்டபோது ஆறாம் பக்கம், அதை வாசித்தது இந்த முழுத் தோட்டத்திலேயே நானும் அந்த வடையும்தான். மாமா பல்லுக்குப் பயந்து ஒரு சொல்லை விழுங்கினார், பேப்பருக்கு எந்தப் பல்லில் வலி?

நமக்கு 18 கிலோ நிறுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம், போடுகிறார்கள், குறைந்தால் அரைப்பேர். செய்தியில் பேர் விழ ஒரு இலை போதும். அமெரிக்காவில் 1994இல் ஓ. ஜே. சிம்சன் என்ற பேர்போன விளையாட்டு வீரரைக் கொலை வழக்கில் பிடித்தபோது பொலிஸ் எடுத்த ஒரே படத்தை நியூஸ்வீக், டைம் என்ற இரண்டு வாரப் பத்திரிகைகளும் அட்டையில் போட்டன, டைம் மட்டும் முகத்தைக் கருப்பாக்கிப் போட்டது. தூள் ஒன்றுதான், சாயத்தைக் கூட்டிவிட்டார்கள்.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சேர் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள், யார் யார் தட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அட்டை ரத்தம் குடிக்குது என்று திட்டுகிறீர்களே, காலை நீட்டினது யார்?" என்றார். சேர், நீங்கள் மழை மாதத்தில் மலையில் நின்றிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். எந்த அம்மா அட்டைக்குக் காலை நீட்டினார்? சவர்க்காரம் தேய்த்து, சாக்கைக் கட்டிக்கொண்டு போனாலும் அது ஏறிவிடும். கடிக்கும்போது தெரியாது. குடித்து முடித்து அது உருண்டு விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது, அதுதான் அட்டை.

2015இல் கொட்டதெனியாவையில் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொன்றார்களே, ஞாபகம் இருக்கும். 17 வயதுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை, விட்டார்கள். அடுத்து ஒருவர், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று செய்தி, அவருடைய பட்டப்பெயர் நம் லயத்துச் சின்னப் பிள்ளைகள் வாயில்கூட வந்தது. அவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது அவருடைய சகோதரருக்கு. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடாத நாடு இது, முதல் கைது நடந்த வாரம் கயிறு கேட்காத ஆள் இல்லை, நானும்தான் கேட்டேன். யாருக்குக் கேட்டேன்? அந்தப் பையனுக்கு. பொலிஸ் சொன்னதைத்தானே போட்டார்கள் என்பீர்கள். கங்காணி வாயால் சொன்ன நிறையைத் தராசில் போடாமல் கணக்கப்பிள்ளை எழுதினால் சும்மா விடுவீர்களா?

இதற்கு மேல் வாதம் பண்ண எனக்கு வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்த காலம். ஒருநாள் பேப்பரில் 'கொழும்பில் கொலை, மலையக இளைஞன் கைது'. பேர் இல்லை, ஊர் மட்டும். கொழும்புக்காரன் பிடிபட்டால் கொழும்பு இளைஞன் என்று இதுவரை நான் வாசித்ததில்லை. செய்தி மலைக்குப் போய்விட்டது. எங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்து கடை வாசலில் நின்று, "அண்ணே, வாசிங்க" என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கட்டைவிரலால் மேல்பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்: "சந்... தே... க... ந... பர்."

அண்ணனுக்கு போன் போட்டோம். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடையில் எல்லோரும் சிரித்தோம், அம்மாவுக்கு யாரோ சீனி போட்டு டீ கொடுத்தார்கள். அம்மா குடிக்கவில்லை.

"எந்தத் தோட்டத்துப் புள்ளையோ. அதோட அம்மாவுக்கு யாருண்ணே இப்படி வாசிச்சுச் சொல்லுவா?"

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கழற்றிச் சால்வையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இறங்குகிறேன்.