பழைய ரயில் பாதை என்றால் மேடே இருக்காதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி லீட்ஸில் வசிக்கும் ஒரு சகோதரியிடமிருந்து வந்திருக்கிறது. வாசிக்கிறேன். "கோடையில் அப்பா ஊரிலிருந்து வருகிறார். வயது 60ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இன்றும் கடைத்தெருவுக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறார். நான் புதிதாக ஒரு கிராவல் சைக்கிள் (மண், ஜல்லிப் பாதையிலும் ஓட்டக்கூடியது) வாங்கியிருக்கிறேன். ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை கடலோரமாகப் போகும் பழைய ரயில் பாதையில் இருவரும் போகலாம் என்று ஆசை. ரயில் ஓடிய பாதைதானே, சமதளமாகத்தான் இருக்கும்? ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?"

அவசியம் அழைத்துப் போங்கள். அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் "ரயில் ஓடிய பாதைதானே" என்று நீங்கள் நினைப்பதை முதலில் சரிசெய்துவிட வேண்டும். இங்கிலாந்தில் பல பழைய ரயில் பாதைகள் அப்படிச் சமதளமானவைதான். கார்ன்வாலில் வேட்பிரிட்ஜிலிருந்து பாட்ஸ்டோ வரை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிப் போகும் கேமல் பாதையில் சின்னக் குழந்தைகள்கூடத் தடுமாறாமல் ஓட்டிப் போவார்கள். நீங்கள் கேட்டிருக்கும் பாதை அந்த ரகம் அல்ல.

இந்தப் பாதைக்கு 'சிண்டர் ட்ராக்' என்று பெயர். மற்ற ரயில் பாதைகளில் தண்டவாளத்துக்கு அடியில் கருங்கல் ஜல்லி கொட்டுவார்கள். இங்கே நிலக்கரி எரிந்த பின் மிஞ்சும் கசடைக் கொட்டினார்கள். அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. 1885இல் ரயில் ஓடத் தொடங்கியது. நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் பீச்சிங் அறிக்கை வந்தது. 1965இல் இந்த வழியும் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், தடம் மட்டும் மிஞ்சியது. இன்று நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் அது பொது. நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். இரண்டு ஊர்களும் கடல் மட்டத்தில் இருக்கின்றன. நடுவில் ரேவன்ஸ்கார் என்ற இடத்தில் பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. வடக்கே ராபின் ஹூட்ஸ் பே என்ற கடலோர ஊர்ப் பக்கமிருந்து ஏறும் சரிவு 39க்கு 1. அதாவது 39 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். தெற்குப் பக்கம் 41க்கு 1. கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் ரயிலுக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது ஓடுகிறது, பிடிமானம் குறைவு. வடகடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தண்டவாளத்தை நனைத்துவிட்டால் எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஏற முடியாமல் பின்னால் இறங்கிப்போய், மறுபடி வேகமெடுத்து ஏறிய ரயில்கள் இங்கே உண்டு.

சைக்கிளுக்கு இந்த ஏற்றம் வேறு விதமாக வேலை காட்டும். சாலை மேடு என்றால் ஒரு தம் பிடித்து ஏறுவோம், அப்புறம் ஓர் இறக்கம் வரும், காலுக்கு ஓய்வு கிடைக்கும். ரயிலுக்காகப் போட்ட மேட்டில் அந்த இறக்கமே வராது. ஒரே சீராக, மைல் கணக்கில், மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வைக்குச் சமதளம் போலவே இருப்பதால், 'இன்று ஏன் எனக்குக் கால் ஓடவில்லை' என்று பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். காலில் குறை எதுவும் இல்லை. சின்ன கியரைப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் போங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். ஊரில் கியர் இல்லாத சைக்கிள் ஓட்டிப் பழகியவர் உங்கள் அப்பா. கியர் மாற்றுவதை முதல் நாளே வீட்டருகில் பழக்கிவிடுங்கள்.

தரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. சில பகுதிகளைச் செப்பனிட்டிருக்கிறார்கள். மரங்கள் மூடிய பள்ளமான இடங்களில் வெயில் படாததால் சேறு காயாமல் கிடக்கும். வேர்கள் குறுக்கே புடைத்திருக்கும். நான் முதல் முறை மெல்லிய சாலை டயருடன் போய், ஒரே நாளில் இரண்டு முறை பஞ்சர் ஒட்டினேன். 40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். காற்றைக் கல்லாக அடைக்க வேண்டாம். 70 கிலோ எடை உள்ளவருக்குக் காற்றழுத்தம் 35 முதல் 40 பிஎஸ்ஐ இருந்தால் சரியாக இருக்கும். குதிரை எதிரே வந்தால் திடீரென்று மணி அடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, வாய்விட்டு ஒரு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது.

இன்னொன்று. கடல் விளிம்பிலேயே க்ளீவ்லாண்ட் வே என்ற பாதை தெரியும், ஆசை காட்டும். பாறை முகட்டில் போகும் அந்தப் பாதை நடப்பவர்களுக்கானது. சைக்கிளை அங்கே இறக்காதீர்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்றால், திரும்புவதில்தான் சிக்கல். இந்த வழியை மூடியதால் விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் இடையே இன்று நேர் ரயில் கிடையாது. மிடில்ஸ்பரோ, யார்க் என்று உள்நாட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். அதனால் வந்த வழியே திரும்பினால் மொத்தம் 70 கிலோமீட்டர். அந்த மேட்டையும் இரண்டு முறை ஏற வேண்டும். அப்பாவுடன் முதல் பயணத்துக்கு இது வேண்டாம்.

நான் சொல்வது இதுதான். காரில் ராபின் ஹூட்ஸ் பே போய்விடுங்கள். பழைய ரயில் நிலையம் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். பாதை அங்கேயே தொடங்கும். தெற்கே ரேவன்ஸ்கார் வரை ஏறுங்கள். போகவர சுமார் 15 கிலோமீட்டர்தான். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். அப்பாவுக்கு எந்த இடத்தில் களைத்தாலும் சைக்கிளைத் திருப்பினால் போதும், அதுவே காரடியில் கொண்டுவந்து விட்டுவிடும். இறங்கும்போது விரிகுடா முழுவதும் வில் போல வளைந்து கீழே கிடக்கும். இந்தப் பாதையிலேயே மிக அழகான காட்சி அது. அவசரப்படாமல், இரண்டு பிரேக்கையும் மென்மையாகப் பிடித்து, பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.

ரேவன்ஸ்காரை எட்டும் முன் கீழே பழைய படிகார ஆலையின் இடிபாடுகள் இருக்கின்றன. அப்பாவிடம் அவசியம் காட்டுங்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இருநூறு ஆண்டுகள் இந்தக் கரையின் பாறையை வெட்டி, மாதக்கணக்கில் எரித்து, படிகாரம் எடுத்தார்கள். துணியில் சாயம் நிற்பதற்கு அது வேண்டும். படிகமாக்க மனிதச் சிறுநீர் தேவைப்பட்டது. லண்டனிலிருந்து கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வந்திறங்கியது. ரேவன்ஸ்காரிலோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கோடை நகரமே கட்டத் திட்டமிட்டு, தெருக்கள் போட்டு, மனை பிரித்து, ரயிலில் ஆட்களை அழைத்துவந்து காட்டினார்கள். கடற்கரை அவ்வளவு கீழே, அதுவும் பாறையாக இருந்ததால் அந்த நகரம் எழவே இல்லை. தெருக்கள் மட்டும் புல்வெளிக்குள் போய் நிற்கின்றன.

முழுப் பாதையை நீங்கள் இன்னொரு நாள் ஓட்டும்போது ஸ்கார்பரோவில் தொடங்குங்கள். விட்பிக்குள் நுழையும் முன் எஸ்க் ஆற்றின் மேல் 13 வளைவுகள் கொண்ட லார்பூல் செங்கல் பாலம் வரும். அதன் நடுவில் கொஞ்சம் நில்லுங்கள்.

அப்பாவுக்கு ஒரு ஜோடி கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதமானாலும் ரேவன்ஸ்கார் உச்சியில் கடற்காற்று விரலை மரத்துப்போகச் செய்யும். பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இறக்கம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.