வேலைக்காக ஒரு கல்யாணம்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் ஒற்றை அறை போர்ஷனில் குடியிருந்தோம். மாதம் இருபது தேதி தாண்டிவிட்டால் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிடும். வாயைத் திறந்தால் பணத்தில்தான் வந்து நிற்கும், அப்புறம் சண்டை. அப்படியொரு கடைசி வாரத்தில், வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தோம்.

1955 பொங்கலுக்கு வந்த படம். நாகிரெட்டி, சக்கரபாணி தயாரிப்பு, எல்.வி. பிரசாத் இயக்கம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் பாலு, மேரி. இரண்டு பேருக்கும் படிப்பு இருக்கிறது, வேலை இல்லை. போதாததற்கு மேரியின் அப்பா வாங்கிய கடன் வேறு. கடன் கொடுத்த டேவிட், பணத்துக்குப் பதில் பெண்ணைக் கேட்கிறான். அந்த நேரத்தில்தான் ஒரு ஜமீன்தாரின் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் வருகிறது. பட்டதாரிகளாக இருக்க வேண்டும், புருஷன் பெண்டாட்டியாகவும் இருக்க வேண்டும். சரி, நடித்துவிட்டால் போகிறது என்று கிளம்பிவிடுகிறார்கள்.

‘கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். இவர்கள் பண்ணாமலேயே பார்க்கிறார்கள். காதல், கல்யாணம், அப்புறம் கஷ்டம் என்று போகும் படங்கள் நிறைய உண்டு. இதில் கஷ்டம்தான் முதலில் வருகிறது. அது ஒரு பொய்யைக் கொண்டுவருகிறது, பொய் ஒரே வீட்டில் குடிவைக்கிறது, காதல் கடைசியில் மெதுவாக எட்டிப் பார்க்கிறது. சம்பளம் வேண்டாமென்றால் மேரி முதல் நாளே மூட்டையைக் கட்டியிருப்பாள். கிறிஸ்தவப் பெண் இந்து மனைவியாக நடிக்க வேண்டிய எரிச்சல் அவளுக்கு. பாலுவோ எதற்கும் வளைந்து கொடுக்கிற ஆள். அவன் வளைய வளைய அவள் கோபம் ஏறுகிறது. இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சாவித்திரியின் முகத்தைப் பாருங்கள். ஜமீன்தார் வீட்டார் எதிரே ஒரு சிரிப்பு, அவர்கள் திரும்பியதும் பாலு பக்கம் ஒரு முறைப்பு. ஜமீன்தாரின் பெண்ணுக்கு, அதாவது ஜமுனாவுக்கு, பாலு பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறபோது அந்த முறைப்பு வேறு மாதிரி ஆகிறது. புருஷனே அல்லாதவன் விஷயத்தில் எதற்குப் பொறாமை? அவளுக்கே விளங்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: கூடவே எடுத்த தெலுங்குப் பதிப்பில் இந்த வேடம் முதலில் பானுமதிக்குப் போனது. அவர் விலக நேர்ந்ததால், ஜமுனா நடித்த அந்த ஜமீன்தார் பெண் வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி நாயகி ஆனார். வேலை தேடுகிறவள் கதையில் வேலை கைமாறிய கதை!

டேவிட்டாக வரும் நம்பியாரையும் துப்பறிகிற தங்கவேலுவையும் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இன்றைக்கு நேரமில்லை.

‘வாராயோ வெண்ணிலாவே’ பாட்டு வந்தது. ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது. நேருக்கு நேர் சொல்ல முடியாத குறையை இரண்டு பேரும் நிலாவிடம் சொல்கிறார்கள். வீட்டுக்காரம்மா, “இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள சண்டையப் பாரு” என்றார். நாங்கள் இரண்டு பேரும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அறைக்கு வந்ததும் அவர் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். “பால்காரர் ரெண்டு நாள் கூட எழுதியிருக்காரே, அப்ப நாம ஊர்ல இல்லியே?” என்றார். எட்டிப் பார்த்தேன். ஆமாம், இல்லை.